ஹார்மோன் மாத்திரையும் சூசையின் டப்பாவும்

1

போன செவ்வாய்க்கிழமை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு ஜெர்மானிய நர்ஸிடம் என் கணவர் தமக்கு ஆசை பொங்குவதாகச் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொல்ல நினைத்தது வேறு. ஊசி போட வந்த அந்தப் பெண் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். இவருக்கு அப்போதுதான் உடம்பில் குப்பென்று சூடு ஏறி, நெற்றியில் வேர்வை அரும்பிக்கொண்டிருந்தது. "இஷ் பின் ஹைஸ்" என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நான் சூடாக இருக்கிறேன்". ஜெர்மன் மொழியில் உடம்பு சுட்டால் "மிர் இஸ்ட் ஹைஸ்" என்றுதான் சொல்லவேண்டும். இவர் சொன்ன மாதிரி சொன்னால் அதன் பொருளே வேறு.

அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். பிராஸ்டேட் புற்றுநோய், ஆண் ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் ஒரு மாத்திரை. "அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரிடம் சொல்லவேண்டியிருக்குமே, ஹெர் மனோகரன்" என்றாள். அடுத்த அறையிலிருந்தவர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் இவரும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடம் பக்கத்துக் கார்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கென்று ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தவர் இவர். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. தகடு அழுத்தும் ஒரு பிரெஸ் டை ஏன் உடைந்தது என்று ஒரு மணி நேரம் ஜெர்மனில் பேசுவார். தன் உடம்பைப் பற்றிப் பேசத்தான் மொழி போதவில்லை. அது ஜெர்மனின் குறை இல்லை, தமிழிலும் அவருக்குப் போதவில்லை என்பது போன வருடம் ஊருக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அது நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். ஊரில் இருக்கும் உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

2

இங்கே மூன்று மருந்தாவது சாப்பிடுகிறவர்களுக்கு டாக்டர் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பார். மருந்தின் பெயர், எதற்கு, காலை, மதியம், மாலை, இரவு என்று கட்டம் கட்டியிருக்கும். எங்கள் வீட்டுத் தாளில் ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, மூன்றாவதாக இந்த ஹார்மோன் மாத்திரை. அதைக் காலை ஏழு மணிக்கு, தினமும் ஒரே நேரத்தில் விழுங்கவேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, வேறு எதையும் சேர்க்கவும் கூடாது. மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து ஈரலைப் பார்க்கவேண்டும்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்தால் எட்டு முழ வேட்டி மாதிரி விரியும். அதை நான் முழுக்கப் படித்தேன். "கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கறுத்துப் போனால், உடனே மருத்துவரிடம் செல்லவும்" என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு கூடப் போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

ஊருக்குக் கிளம்ப முடிவானது சூசையின் மகள் கல்யாணத்துக்காக. சூசையும் இவரும் ஒரே நாளில் தொழிற்சாலை லைனில் சேர்ந்தவர்கள். இவர் வெளிநாடு வந்தார். சூசை அங்கேயே இருந்து, வேலையை விட்டதும் வடக்குப்பட்டில் தன் நிலத்தில் இருபது அறை கட்டி, கம்பெனிகளுக்கு வந்து சேரும் தென்மாவட்டப் பையன்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறான்.

ஐந்து வாரப் பயணம். டாக்டர் ஐந்து வாரத்துக்கும், கூடப் பத்து நாளுக்கும் சேர்த்து மாத்திரை எழுதினார். விமான நிலையத்தில் காட்ட ஒரு கடிதம் தந்தார். "மூன்றாவது வாரம் அங்கேயே ரத்தப் பரிசோதனை. தள்ளிப்போடாதீர்கள்" என்றார். ஜெர்மனியில் காலை ஏழு என்றால் ஜூலை மாதத்தில் நம்மூரில் பத்தரை. ஆகவே பத்தரைக்கு மாத்திரை என்று கணக்குப் போட்டேன். எங்கள் மகள் மீராவிடம் அதைப் போனில் சொன்னேன். அவள் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எங்கள் மகள். "குட்" என்று பதில் வந்தது. ஒரே ஒரு சொல்.

3

ஒரகடத்தில் ஒரு வசதி: வேர்ப்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஜெர்மனியில் பனிக்காலத்தில் இவர் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். இங்கே எல்லாரும்தான் துண்டும் கையுமாக இருந்தார்கள்.

சூசை இவரை விமான நிலையத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டான். "இன்னா மனோ, இப்டி ஊதிகினு வந்துகீற? அங்க ரொட்டி ஜாஸ்தியா?" என்று இவர் வயிற்றில் குத்தினான். இவர் சட்டென்று நெஞ்சின் குறுக்கே கையை வைத்து மறைத்ததை நான் மட்டும் பார்த்தேன். அந்த மாத்திரையால் சிலருக்கு மார்பு கொஞ்சம் வீங்கும், தொட்டால் வலிக்கும். இவருக்கு இரண்டும் இருந்தது.

ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஒரு அறை. காலையில் ஷிப்டுக்குப் போகும் பையன்கள் வரிசையாகக் குளிக்கும் சத்தம், வாசலில் கம்பெனி பஸ்களின் ஹார்ன். இவர் அரை மணி நேரத்தில் பழைய பேச்சுக்குத் திரும்பிவிட்டார். "இன்னா", "வூடு", "கீது" எல்லாம் இருபத்திரண்டு வருடம் எங்கே ஒளிந்திருந்தனவோ.

முதல் வாரத்திலேயே சூசை இவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கோ போய்வந்தான். பத்திரிகை வைக்கப் போனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இவர் காலையில் எழுந்ததும் தானே வெந்நீர் வைத்து ஏதோ கலந்து குடிக்க ஆரம்பித்தார். "இன்னாங்க அது?" என்றேன். "சுக்குத் தண்ணி. சூசை குடுத்தான்." இவர் அடுப்புப் பக்கம் போவதே அதிசயம், அதனால் நான் மேலே கேட்கவில்லை. பத்தரை மணி மாத்திரையை மட்டும் கண்ணெதிரே விழுங்கவைத்தேன். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. "தண்ணி ஒத்துக்கல" என்றார். சூசை "வேர்க்குரு" என்றான். நானும் நம்பினேன்.

4

ரத்தம் கொடுக்கவேண்டிய நாளில் இவர் தட்டிக்கழித்துப் பார்த்தார். "கல்யாணத்துக்கு ஒம்போது நாள்தான் கீது. முடிச்சிகினு போலாமே." "அங்க டாக்டர் தள்ளிப்போடாதீங்கன்னு சொன்னாரு" என்று ஆட்டோவில் ஏற்றினேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி, அதை ஒட்டி ஒரு லேப். ரத்தம் எடுக்க வந்த பெண் தூத்துக்குடிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கையில் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்தவள், ஊசியைக் குத்தாமல் நின்றாள்.

"ஐயா, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி லேசா மேல பாருங்க."

பார்த்தார்.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஏக்கா, கூடவே இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியலையா? கண்ணு மஞ்சளா இருக்கே."

நானும் பார்த்தேன். விழியின் வெள்ளை, பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. பென்சிலால் கோடு போட்டவள் நான். ஹாஸ்டல் அறையில் டியூப் லைட் வெளிச்சத்தில், கல்யாண வேலை சளசளப்பில், அவர் கண்ணையே நான் மூன்று வாரமாகப் பார்க்கவில்லை.

"ஒண்ணுக்குப் போனா என்ன நெறத்துல போவுது ஐயா?"

இவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "டிகாஷன் மாதிரி."

"எத்தனை நாளா?"

"ஆறேழு நாள் இருக்கும்."

அந்தப் பெண் ரத்தம் எடுத்து முடித்ததும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க விடவில்லை. தானே பக்கத்துக் கட்டிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

டாக்டரம்மா நடுவயதுக்காரர், நிதானமானவர். மருந்துத் தாளை வரிவரியாகப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல இல்லாதது என்ன சாப்பிடறீங்க?"

"ஒன்னும் இல்ல" என்றார் இவர்.

"சுக்குத் தண்ணி" என்றேன் நான்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தச் சுக்கைக் கொஞ்சம் கொண்டாங்க, பார்க்கலாம்."

அதற்கு மேல் இவரால் தாங்க முடியவில்லை. அன்று சூசை பைக்கில் கூட்டிப்போனது அதற்குத்தானாம்: வாலாஜாபாத் போகும் ரோட்டில் ஒருவர், பெயர் எழுதாத டப்பாவில் தரும் பொடி. சூடு அடங்கும், ஆண்மை திரும்பும், பத்து நாளில் தெரியும் என்றாராம். பதினேழு நாளாகச் சாப்பிட்டிருக்கிறார்.

டாக்டர் கோபப்படவில்லை. "அந்த மாத்திரையே சில பேருக்கு ஈரலைத் தொந்தரவு பண்ணும். அதுக்காகத்தான் மாசாமாசம் ரத்தம் பார்க்கச் சொல்றோம். அதுகூட என்னன்னே தெரியாத ஒரு பொடி. இப்ப எது செஞ்சுதுன்னு நான் எப்படிச் சொல்றது? ரெண்டையும் இன்னிக்கே நிறுத்தறோம். ஊசி உடம்புல இருக்கு, அதனால கொஞ்ச நாளைக்குப் பயமில்ல. உங்க ஜெர்மன் டாக்டர்கிட்ட நான் பேசணும்."

வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் லாரிகளைப் பார்த்தபடியே பேசினார். "சட்டை போட்டா மார் தெரியுது ஜெயா. கல்யாணத்துக்கு லைன் பசங்க மொத்தமும் வருவானுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது மட்டும் இல்ல. உன் பக்கத்துல மரக்கட்டையாட்டம் கெடக்கறேன். உனக்கு எப்டி இருக்குமோன்னு…"

"குறட்டை விடற மரக்கட்டையை நான் இப்பத்தான் பார்க்கறேன்" என்றேன்.

சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. மஞ்சள் கண்ணில் நீர் வந்தால் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கூட்டுரோட்டில், பட்டப்பகலில். மணிமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

5

மீராவைக் கூப்பிட்டேன். அவள் தமிழ் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. "அப்பாவுக்கு மஞ்சள்" என்றேன்.

"ஓ, கல்யாணத்துக்கா? மஞ்சள் பூசினீங்களா? க்யூட்! போட்டோ அனுப்பு."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த மஞ்சள் அதுதான். விளக்கிச் சொன்னேன். "அம்மா, நீ அழாதே. நான் செய்கிறேன்" என்றாள்.

செய்தாள். செய்வதற்கு நிறையவும் இருந்தது. ஜெர்மனியில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் நோயாளியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், ரகசியம் காக்கும் கடமையிலிருந்து அவரை விடுவிப்பதாக நோயாளி கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி" என்று சொன்னால் ஆகாது. படிவத்தை மீரா அனுப்பினாள். ஹாஸ்டல் எதிரே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மெஸ் மேஜையில் வைத்து இவர் கையெழுத்துப் போட்டார். படம் பிடித்து அனுப்பினால், தேதி தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினோம். ஆபீஸில் லீவு போட்டு, ஜெர்மன் டாக்டரின் கிளினிக் போனில் நாற்பது நிமிடம் காத்திருந்து, இரண்டு டாக்டர்களையும் ஒரே அழைப்பில் சேர்த்தாள் என் மகள். ஞாயிற்றுக்கிழமை மகள் என்று நான் எழுதியதை இந்த இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டர்கள் எடுத்த முடிவு இதுதான்: எது குற்றவாளி என்று நிரூபிக்க முடியாததால் அந்த மாத்திரை இனி இவருக்குக் கிடையாது. ஊசி மட்டும் தொடரும். ஈரல் சரியான பிறகு வேறு மாத்திரை பற்றி யோசிக்கலாம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு மருந்தை, பெயர் இல்லாத ஒரு டப்பாவுக்குப் பலி கொடுத்துவிட்டோம்.

6

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நான் சூசை வீட்டுக்குப் போனேன். ஹாலில் கல்யாணப் புடவைகள் விரித்துக் கிடந்தன. சூசையின் மனைவி ஸ்டெல்லா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பண்ணியிருக்குன்னு தெரியுமா, சூசை?" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணி, சத்தியமா நல்லதுக்குத்தான் வாங்கிக் குட்தேன். நானே ஒரு வருஷமா இதான் சாப்டுகினுகீறேன். எனுக்கு ஒன்னியும் ஆவலியே?"

"நீங்க எதுக்குச் சாப்பிடறீங்க?"

சூசை புடவை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது.

"ராத்திரில நாலு வாட்டி எழுந்துக்கறாரு அண்ணி" என்றாள் ஸ்டெல்லா உள்ளிருந்தே. "தூங்கறதே இல்ல. பாத்ரூம்ல போய் நிக்கறாரு, நிக்கறாரு, வரவே மாட்டேன்னுது. கேட்டா வயசாச்சுன்றாரு. ஆஸ்பத்திரிக்கி வாய்யான்னா பொண்ணு கல்யாணம் முடியட்டும்ன்றாரு."

"ஏய், சும்மா இருடி" என்றான் சூசை. குரலில் வேகம் இல்லை.

நான் அவன் எதிரே உட்கார்ந்தேன். மனோவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொன்னேன். வயதானால் சாதாரண வீக்கமாகவும் இருக்கலாம், அதுவும் சொன்னேன். "எதுன்னு ரத்தத்துல ஒரு டெஸ்ட், அப்புறம் டாக்டர் பார்த்தாத்தான் தெரியும்."

சூசை யோசித்தான். பிறகு என்ன கேட்டான் தெரியுமா? "மனோவுக்கு வோணாம்னு சொன்ன மாத்திரை சும்மாதானே கீது? அத்தக் குட்துட்டுப் போங்களேன் அண்ணி. போட்டுப் பாக்கறேன்."

அடிக்கலாமா என்று இருந்தது. "அது உங்களுக்கு எழுதின மாத்திரை இல்ல சூசை. உங்களுக்கு என்ன நோய்னே இன்னும் தெரியாது. ஒருத்தர் டப்பாவை இன்னொருத்தருக்குக் குடுத்துத்தான் இப்ப இந்த நிலைமை."

ஸ்டெல்லா ஈரக்கையோடு வெளியே வந்தாள். "கல்யாணம் திங்கக்கெழம. செவ்வாக்கெழம காலைல நான் இட்டுகினு போறேன். வரலன்னா நான் மட்டும் போய் லேப்புல உக்காந்துக்குவேன்."

7

கல்யாணத்துக்குள் இவர் கண் பாதி வெளுத்திருந்தது. அரிப்பு நின்று, ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். சர்ச்சுக்குத் தளர்வான கதர் ஜிப்பா போட்டுக்கொண்டார். லைன் பசங்க என்று இவர் சொன்ன கிழவர்கள் பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

விருந்தில் ஒருவர் இவர் முதுகில் தட்டி, "இன்னாடா, மூஞ்சி டல்லா கீது?" என்றார். இவர் இலையில் பாயசத்தை ஊற்றவிட்டு, "பிராஸ்டேட்டுல கேன்சர்டா. ஊசி போட்டுகினுகீறேன். நல்லாதான் கீறேன்" என்றார். சாம்பார் ருசியைப் பற்றிச் சொல்கிற குரலில். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கை கழுவும் இடத்தில் மூன்று பேர் இவரைத் தனியாக ஓரங்கட்டினார்கள் என்று பிறகு சொன்னார். "என்ன கேட்டாங்க?" என்றேன். "அது ஆம்பளைங்க ரகசியம்" என்றார். மஞ்சள் மட்டும் அல்ல, கௌரவமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்லதுக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா சொன்னதைச் செய்தாள். சூசையின் ரத்தத்தில் பிராஸ்டேட்டைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு அதிகம். சென்னையில் ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. புற்றுநோய்தான். சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை. நாங்கள் ஜெர்மனி திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் அவனுக்கு ரேடியேஷனும், ஊசியும், ஹார்மோன் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். பொடிக் கடைக்குப் போகும் ரோட்டில் இப்போது பைக்கைக் கூட ஓட்டுவதில்லையாம்.

இவருக்கு ஈரல் முழுக்கச் சரியாகி, வேறொரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். புதிய தாளில் புதிய கட்டம்.

8

நேற்று மதியம் சூசை போன் செய்தான். முதலில் இவரோடு அரை மணி நேரம். ஸ்பீக்கரில்தான் பேசுகிறார்கள், எனக்கு எல்லாம் கேட்டது. எத்தனை தடவை சூடு வருகிறது, பனியனை மாற்றுகிறாயா, ரத்தம் கொடுத்தாயா, காரமாகச் சாப்பிட்டால் அதிகமாகிறதா என்று இரண்டு பேரும் ஓயாமல் கேட்டுக்கொண்டார்கள். இவர் ஒரு பக்கம் துணி மடித்துக்கொண்டே பேசினார்.

"அண்ணியாண்ட குடு" என்றான் சூசை.

"சொல்லுங்க சூசை."

"ஒன்னு கேக்கணும். தப்பா எட்துக்காதீங்க. டாக்டரம்மா சொன்னாங்க, இந்தச் சூடு அம்பது வயசாண்ட பொம்பளைங்களுக்கும் வருமாமே?"

"வரும்."

"உங்களுக்கு வந்துச்சா?"

வந்தது. நான்கு வருடம். ஜனவரி மாதத்தில் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளித்த வாசனை போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பட்டாணிப் பெட்டியைத் திறந்து, விலை பார்ப்பதுபோல் முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இவ்வளவு எழுதினேனே, இதை எழுதவேண்டும் என்று அவன் கேட்கும்வரை எனக்குத் தோன்றவில்லை.

"வந்துச்சு."

"யாராண்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல."

இவர் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சூசையின் குரல், போனை விட்டுத் தள்ளி, வீட்டுக்குள்ளே திரும்பிக் கூப்பிட்டது.

"ஸ்டெல்லா, அடுப்ப நிறுத்திட்டு இங்க வா. செத்த உக்காரு. உன்னிய ஒன்னு கேக்கணும்."